ஈயச் சட்டிக்கு மஞ்சள் தண்ணீர்

மின்சாரச் சாமான் திருத்தத் தெரிந்தவன் அடுத்தவர் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த வீட்டில் ஓடாத மணிக்கூடு, பாடாத ரேடியோ, சுடாத இஸ்திரிப்பெட்டி எல்லாம் அவன் மடியில் வந்து விழும். இந்த உண்மை எனக்கு இருபத்தாறு வயதிலேயே தெரியும். தெரிந்தும் ஒருமுறை திறந்தேன். அதன் பலனாக, ஜெர்மனியில் ஒரு வீட்டு நிலவறையின் கூரையில் உருகிய ஈயத்தால் புள்ளிக்கோலம் போட்ட ஒரே தமிழன் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. (வேறு யாராவது போட்டிருந்தால் தெரியப்படுத்தவும். சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம்.)

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை செய்தவன். எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பெட்டியைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. கடை முதலாளி என்னைப் பற்றி வாடிக்கையாளர்களிடம், "பெடியனுக்குக் கை நல்லது, வாயைத்தான் கொஞ்சம் குறைக்க வேணும்" என்று சொல்லுவார். கையையும் வாயையும் எடுத்துக்கொண்டுதான் ஜெர்மனிக்கு வந்தேன். வேறு சாமான் கொண்டுவர வசதிப்படவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு நாங்கள் டோர்ட்மண்டில் இருந்தோம். எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. மனைவி சாந்தாவும் வந்து சேர்ந்துவிட்டாள். அவள் வயிற்றில் பிள்ளையும் வந்துவிட்டது. வராத ஒன்று வீடு. அகதிகள் விடுதியில் ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்கள் தும்மினால் நாங்கள் மூக்கைத் துடைப்போம். சமையலறை எல்லோருக்கும் பொது. எண்ணெய் மணம் எழும்பினாலே சாந்தாவுக்கு வயிற்றைப் பிரட்டும். அவள் வாளியோடு வெளிப்படியில் போய் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை பிறக்கும் முன் ஒரு கதவும் அந்தக் கதவைப் பூட்ட ஒரு திறப்பும் வேண்டும். அந்த நாட்களில் நான் கடவுளிடம் கேட்டது இவ்வளவுதான்.

வீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசி எடுப்பேன். வீடு இருக்கிறது என்பார்கள். பெயர் கேட்பார்கள். நான் 'பாலச்சந்திரன்' என்று எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்குவேன். பெயர் பாதி வருவதற்குள் வீடு வாடகைக்குப் போய்விடும். சின்னப் பெயர் வைத்திருந்தால் டோர்ட்மண்டில் எனக்குப் பத்து வீடு கிடைத்திருக்கும் என்று அப்பாவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அப்படி இருக்கையில்தான் ஒரு பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வாடகை அறிவிப்புத் துண்டைப் பார்த்து, பெயர் சொல்லாமல் நேரே போய்க் கதவைத் தட்டினோம். பழைய செங்கல் வீடு. வீட்டுக்காரர் கொவால்ஸ்கி, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தடித்த மனிதர், அவருக்கு முன்னால் ஒரு தடித்த மீசை. மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு குட்டிச் சமையலறையும் இருந்தன. அவருடைய மாமியார் இருந்து காலமான இடம். சாந்தா அந்தச் சமையலறைக் கதவை மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மறுபடி மூடிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கலியாண வீட்டில்கூடக் காணவில்லை.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றார் கொவால்ஸ்கி. ஜெர்மன்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் யோசித்து முடித்துவிட்டார் என்றுதான் அர்த்தம். நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படி இறங்கினோம். அப்போது நிலவறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம். இரும்பு சுடுகிற மாதிரி ஒரு மணம். வியாதி எழும்பிவிட்டது.

"அங்கே என்ன?" என்று கேட்டேன்.

"இஞ்சரப்பா, வாங்கோ போவம்" என்று சாந்தா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

ஆனால் கொவால்ஸ்கியின் மீசை விரிந்துவிட்டது. யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டுவிட்டேன் போல. கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

கீழே ஒரு மேசை. மேசையில் மின்சாரத்தில் சுடும் ஒரு சின்ன இரும்புச் சட்டி. சட்டிக்குள் ஈயம் கண்ணாடி மாதிரிப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை ஒரு அகப்பையால் அள்ளி இடுக்கி போன்ற அச்சுக்குள் ஊற்றினார். அச்சைத் திறந்து தட்டினார். விரித்திருந்த துவாய்த் துணியில் ஒரு உருண்டை விழுந்தது. அதைப்போல ஏற்கனவே ஒரு குவியல் கிடந்தது.

குண்டு. துவக்குக் குண்டு.

அவர் ஒரு கழகத்தில் உறுப்பினர். வாய்ப்பக்கத்தால் மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் பழங்காலத் துவக்குகளால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடுதாசி வட்டத்தைச் சுடுவார்கள். அந்தத் துவக்குக்குக் கடையில் குண்டு வாங்குவது கௌரவக் குறைவாம். வீட்டிலேயே வார்க்க வேண்டுமாம். எங்கள் ஊரில் சிலர் கடை மிளகாய்த்தூளைக் கையால் தொடமாட்டார்கள், அப்படி.

ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. பார்வைக்குச் சின்னது, கையில் பாரம். அதுவரை இந்தச் சாமானை நான் சத்தத்தால் மட்டும்தான் அறிந்திருந்தேன். இது எங்கிருந்து வருகிறது, யார் செய்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஏப்ரன் கட்டின ஒரு கிழவர் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்வார் என்று நிச்சயமாக யோசித்ததில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கேள்விகள் வந்தன. ஏன் இந்த உருண்டை வழுவழுப்பாக இருக்கிறது? ஏன் அந்த உருண்டை கிழவன் முகம்போலச் சுருங்கியிருக்கிறது? ஏன் இன்னொன்று பனி பிடித்தமாதிரி வெளுத்திருக்கிறது?

அதுதான் அவருடைய தலைவலியாம். சூடு குறைந்தால் சுருக்கம், கூடினால் வெளுப்பு. சட்டிக்கு எரி, அணை என்ற இரண்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அவர் செய்தித்தாளைக் கிழித்து ஈயத்தில் தொட்டு, அது எவ்வளவு கருகுகிறது என்று பார்த்துச் சூட்டை மட்டுக்கட்டுவார். வார்த்ததில் பாதியைத் திரும்பவும் சட்டிக்குள் போட வேண்டி வருமாம்.

இங்கேதான் என் வாய் திறந்தது.

"எலெக்ட்ரோனிக்" என்றேன். "நான் செய்வேன். சூடு, தானாக. நீங்கள் சும்மா இருக்கலாம்."

கொவால்ஸ்கி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "செய்யுங்கள்" என்றார். "அது வேலை செய்தால் மேல்மாடியைப் பற்றிப் பேசுவோம்."

விடுதி வாசலில்தான் சாந்தா கேட்டாள். "உங்களுக்கு உது செய்யத் தெரியுமே?"

"தெரியாது" என்றேன். "ஆனா ஏலாதது எண்டு ஒண்டும் இல்லை."

நகரசபை வண்டி வந்து அள்ளட்டும் என்று ஜெர்மன்காரர்கள் பழைய சாமான்களைத் தெருவோரத்தில் குவிக்கும் நாட்கள் உண்டு. ஸ்பெர்முல் என்று பெயர். எங்களுக்கு அது நல்லூர்த் திருவிழாக் கடைத்தெரு. அங்கே ஒரு காஸ் அடுப்பிலிருந்து சூட்டை உணரும் கம்பியைக் கழற்றினேன். நெருப்பு அணைந்தால் காஸை நிறுத்துவதற்காக அதை வைத்திருப்பார்கள். சூடு ஏற ஏற அதில் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் பிறக்கும். ஒரு செத்த ஸ்டீரியோவின் வயிற்றிலிருந்து மற்ற உறுப்புகளை எடுத்தேன். கம்பி சொல்லும் சூட்டை, நாம் குமிழைத் திருகி வைத்த சூட்டோடு கருவி ஒப்பிட்டுப் பார்க்கும். குறைந்தால் 'டிக்' என்று சட்டிக்கு மின்சாரம் போகும், பச்சை விளக்கு எரியும். கூடினால் 'டக்' என்று நிற்கும், சிவப்பு எரியும். இவ்வளவையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடைத்தேன். மூடியில் பூனைக்குட்டிப் படம் இருந்தது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் சாந்தாவின் வடைத் தாச்சியில்தான் பார்த்தேன். (அப்போது கம்பி ஈயத்தைத் தொடவில்லை. யாரும் பதற வேண்டாம்.) அன்றைக்கு விடுதிச் சமையலறையில் ஒரு அதிசயம் நடந்தது. எண்ணெய் புகையவும் இல்லை, ஆறவும் இல்லை. வடைகள் ஒரே நிறத்தில், ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப்போல வரிசையாக வந்தன. மற்றப் பெண்கள் அகப்பையோடு சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இதைக் கொண்டுபோய் ஈயத்துக்குக் குடுக்கப் போறியளோ?" என்று சாந்தா கேட்டாள். குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

வடை சாப்பிட வந்த குணம் அண்ணைக்குத் துக்கம் வேறு இடத்தில். அவர் எங்களுக்கு முன்பே வந்தவர். விடுதியில் யாருக்கு எந்த அலுவலகத்தில் வேலை என்றாலும் கூடப் போகிறவர்.

"டேய் பாலா, குண்டுக்குப் பயந்து ஓடியந்தனான் எண்டுதானே நீ இவங்களுக்குச் சொன்னனீ?"

"ஓம் அண்ணை."

"இப்ப குண்டு வார்க்கிற சட்டிக்குச் சூடு பாக்கிறாய். ஆரும் கேட்டா என்னெண்டு சொல்லுவாய்?"

"அது விளையாட்டுக் குண்டு அண்ணை. கடுதாசியைத்தான் சுடுறவை."

"குண்டிலை என்னடா விளையாட்டு?" என்று கேட்டுவிட்டு அவர் இன்னொரு வடையை எடுத்தார். அந்தக் கேள்வியை இன்றைக்கும் கூடவே கொண்டு திரிகிறேன். ஆனால் வீடு வேண்டும் என்பதும், ஈயம் உருகும்போது என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும் என்பதும் சேர்ந்து என்னை இழுத்துக்கொண்டு போயின.

நிலவறையில் நடந்த முதல் பரிசோதனையை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும். கம்பியைச் சட்டிக்குள் விட்டு, மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முள் ஏறியது, ஏறியது, ஒரு இடத்தில் நின்றுவிட்டது. சட்டி சுட்டுக்கொண்டே இருக்கிறது, முள் அசையவில்லை. கருவி செத்துவிட்டது என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ஈயக் கட்டி ஓரத்திலிருந்து மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. கடைசித் துண்டு கரைந்து முடிந்ததும் முள் மறுபடி ஏறத் தொடங்கியது. உருகி முடியும்வரை ஈயம் தன் சூட்டைக் கூட்டாமல் பிடிவாதமாக நிற்கிறது! நானும் கொவால்ஸ்கியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதை ஆறவிட்டு, திரும்ப உருக்கி, திரும்பப் பார்த்தோம். பிறகு இன்னொருமுறை. அவருடைய மனைவி மேலிருந்து இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டார். இருவரும் போகவில்லை.

அதன் பிறகு குண்டுகள் வடைகளைப்போல வந்தன. சுருக்கமில்லை, வெளுப்பில்லை. பூனைக்குட்டித் தகரம் டிக், டக் என்று தன்பாட்டில் வேலை செய்தது. கொவால்ஸ்கிக்குத் தலைகால் புரியவில்லை. வரும் சனிக்கிழமை மத்தியானம் கழக நண்பர்களை அழைத்து, கருவியைக் காட்டித் திறப்புவிழா நடத்தப்போவதாகச் சொன்னார். நானும் சாந்தாவும் கட்டாயம் வர வேண்டும், அன்றைக்கே மேல்மாடி விஷயத்தையும் முடித்துவிடலாம் என்றார்.

திறப்புவிழா என்றதும் எனக்குள் இருந்த யாழ்ப்பாணத்தான் துள்ளி எழும்பினான். எங்கள் கடையில் புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் ஆணியைக்கூடத் தொடமாட்டோம். சாந்தாவும் ஒத்துக்கொண்டாள். "ஒரு பொட்டை வைச்சுப்போட்டுத் தொடங்குங்கோ" என்றாள். சாந்தா சொன்னது பொட்டு. இதை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் வைத்திருக்கிறாள்.

பொட்டோடு நிறுத்த என்னால் ஏலவில்லை. வீடே கைக்கு வரப்போகிறது, ஒரு குறையும் இருக்கக் கூடாது. ஒரு சின்னப் போத்தலில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொண்டுபோனேன். தெளிக்க மாவிலை வேண்டுமே? டோர்ட்மண்டில் மாவிலைக்கு எங்கே போவது? கொவால்ஸ்கி வீட்டு நடையில் காத்திருந்தபோது அதற்கும் விடை கிடைத்தது. அங்கே ஒரு பெரிய சாடியில், கூரையை முட்டும் உயரத்தில் ஒரு ரப்பர்ச் செடி நின்றது. தடித்த, பளபளக்கும் இலைகள். பார்த்தால் மாவிலைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். யாரும் பார்க்கவில்லை. நல்ல இலையாக ஒன்றை ஒடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

கீழே கழகத்தார் மூன்று பேர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். சட்டியில் ஈயம் தயாராக இருந்தது. ஈயப்புகை வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்று கொவால்ஸ்கியின் மனைவி சாந்தாவைப் படியடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வரவிடவில்லை. தானும் அவளோடு அங்கேயே நின்றார். கொவால்ஸ்கி தோல் ஏப்ரன், தோல் கையுறை, பெரிய கண்ணாடி எல்லாம் போட்டு மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தார். நான் ஸ்பெர்முல்லில் கிடைத்த, ஆட்டுரோமக் கழுத்து வைத்த கனத்த கோட்டைப் போட்டிருந்தேன். அந்தக் கோட்டுக்கு என் முகம் கடமைப்பட்டிருக்கிறது.

பூனைக்குட்டியின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கழகத்தார் தலையசைத்தார்கள். போத்தலை வெளியில் எடுத்தேன்.

"இது என்ன?" என்று கொவால்ஸ்கி கேட்டார்.

"புனித நீர். புது இயந்திரத்துக்கு ஆசீர்வாதம்."

அவர் முகம் மலர்ந்தது. அவர் கத்தோலிக்கர். "எங்கள் பாதிரியாரும் என் முதல் காருக்குத் தெளித்தார்!" என்று நண்பர்களுக்குச் சொன்னார். தொப்பி போட்டிருந்த நண்பர் தொப்பியைக் கழற்றினார்.

இப்போது பாருங்கள். அந்த மனிதர் பதினைந்து வருடமாக ஈயம் உருக்குகிறவர். சட்டி இருக்கும் இடத்துக்குப் பியர்ப் போத்தலைக்கூடக் கொண்டுவர விடமாட்டார். தண்ணீரும் உருகிய ஈயமும் சேரக் கூடாது என்று எனக்கு முதல்நாளே சொன்னவர். நானும் கேட்டவன். ஆனால் அந்த நிமிடத்தில் தீர்த்தத்தைத் தண்ணீர் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அது வேறு, இது வேறு என்றே இருந்தது. இரண்டு மதங்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு முட்டாள்தனத்தைச் செய்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

இலையைப் போத்தலில் நனைத்து, கருவிக்கு மேலே ஓங்கினேன். ஓங்கின இடத்தில் என் தொழிலறிவு விழித்துக்கொண்டது. கருவிக்குள் மின்சாரம் ஓடுகிறது. தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? நல்லவேளை, தக்க நேரத்தில் ஞாபகம் வந்ததே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கையைத் திருப்பி, மின்சாரக் கருவியைக் காப்பாற்றி, அதற்குப் பதிலாகச் சட்டியின்மேல் தெளித்தேன்.

முதலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சொய்ங் என்று ஒரு சத்தம். துளிகள் காய்ந்த தோசைக்கல்லில் ஓடுவதுபோல ஈயத்தின்மேல் உருண்டு உருண்டு ஓடின. என்ன அழகு! ஏன் உடனே ஆவியாகவில்லை? ஏன் ஓடுகின்றன? வியாதிக்காரன் அல்லவா, குனிந்து பார்த்தேன். குனிந்த வாக்கில் ஈர இலை விரலிலிருந்து நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

"அய்யோ" என்றேன். கொவால்ஸ்கி அதை எடுக்க அகப்பையோடு பாய்ந்தார். அவசரத்தில் அகப்பை இலையைத் தூக்கவில்லை. உள்ளே அமுக்கியது.

படார்!

சட்டியில் இருந்தது சட்டியில் இல்லை. ஒரு வெள்ளி ஊற்று நேராகக் கூரைக்குப் போய், அங்கே பாதி ஒட்டிக்கொண்டு, மீதி மழையாக இறங்கியது. கொவால்ஸ்கியின் மீசையில் ஒரு பக்கம் பொசுங்கிய மணம். என் மூக்குக்கண்ணாடியில் ஒரு துளி, சரியாக வலது கண்ணுக்கு முன்னால். ஆட்டுரோமம் புகைந்தது. யாருக்கும் தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை என்பது பிறகு தெரிந்தது. தீர்த்தம் வேலை செய்தது என்று நான் சொல்லலாம், ஆனால் வீட்டில் சொல்ல விடமாட்டார்கள்.

இதில் எதையும் நான் அப்போது பார்க்கவில்லை. நான் தரையில் குப்புறப் படுத்திருந்தேன். யோசித்துப் படுக்கவில்லை. சத்தம் கேட்டது, உடம்பு தானாகப் போய்விட்டது. இரண்டு கையும் பிடரியில், கன்னம் சிமெந்துத் தரையில். அந்த நிலையில் படியடிப் பக்கம் பார்த்தேன். சாந்தாவும் படுத்திருந்தாள். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு. எங்கள் இரண்டு பேரின் கண்ணும் தரைமட்டத்தில் சந்தித்தன.

ஜெர்மன்காரர்கள் ஐவரும் நின்றபடி நின்றார்கள். வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அமைதியில் பூனைக்குட்டித் தகரம் மட்டும் 'டிக்' என்றது. பச்சை விளக்கு எரிந்தது. சட்டி ஆறுகிறது என்று கண்டுபிடித்து, விசுவாசமாகச் சூடேற்றத் தொடங்கியிருந்தது.

கொவால்ஸ்கியின் மனைவி நேரே வந்து மின்சாரக் கம்பியைப் பிடுங்கினார். பிறகு திரும்பிப்போய்ச் சாந்தாவின் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.

"ஏன் படுத்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

சாந்தாவுக்கு அப்போது ஜெர்மன் நாலைந்து சொல்தான் தெரியும். என்னைப் பார்த்தாள். எனக்கும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. "எங்கள் வீட்டில், டும் என்றால், எப்போதும் இப்படி" என்றேன், தரையில் கிடந்தபடியே.

அந்தப் பெண் சாந்தாவின் தலையில் கை வைத்தார். அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. "நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இதே நிலவறையில், இதே தரையில் அம்மாவோடு படுத்திருக்கிறேன்" என்றார். "மேலே குண்டு போடும் விமானம் போகும். அம்மா இப்படித்தான் என்னைப் பொத்திப் பிடிப்பார்." பிறகு எழும்பிக் கணவரைப் பார்த்தார். "ஹைன்ஸ், இந்தச் சட்டி இனி இந்த வீட்டில் வேண்டாம்."

பாதி மீசையோடு நின்ற கொவால்ஸ்கி, துவாயில் வரிசையாகக் கிடந்த அழகான குண்டுகளை ஒருமுறை பார்த்தார். துவாயின் நாலு மூலையையும் சேர்த்து முடிந்தார். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது. வீடு போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. சாந்தாவை அந்த வாளிக்கும் படிக்கும் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என் வாயை நானே தைத்துக்கொண்டால் என்ன என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

நடையில் கொவால்ஸ்கியின் மனைவி திடீரென்று நின்றார். ரப்பர்ச் செடியைப் பார்த்தார். ஒடித்த காம்பில் வெள்ளைப் பால் வடிந்து காய்ந்திருந்தது.

"இது யார் வேலை?"

நிலவறை வெடித்தபோது எழும்பாத குரல் இப்போது எழும்பியது. அது அவருடைய அம்மா நட்ட செடி. வாரம் ஒருமுறை ஒவ்வொரு இலையையும் பியர் தொட்டுத் துடைத்து வளர்த்தாராம். நான் கூரையைப் பார்த்தேன். கொவால்ஸ்கி என்னைப் பார்த்தார். தொப்பிக்காரர் தொப்பியைப் பார்த்தார். சாந்தாதான் வாய் திறந்தாள், தனக்குத் தெரிந்த நாலைந்து ஜெர்மன் சொல்லில் இரண்டைச் செலவழித்து. "என் கணவர்" என்றாள்.

பிறகு அந்தப் பெண், இத்தனை நாளும் கணவர் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தை நின்ற நிலையில் முடித்தார். "திங்கட்கிழமை சாமான்களைக் கொண்டுவாருங்கள். ஒரு நிபந்தனை. இந்தச் செடிப் பக்கம் உங்கள் கணவர் வரக் கூடாது."

சாந்தா என் கையைப் பிடித்தாள். அவள் அழுதாள். நானும் அழுதேன். ஈயத்துளி ஒட்டிய கண்ணாடியோடு அழுவது சிரமம்.

அந்த மேல்மாடியில் ஒன்பது வருடம் இருந்தோம். கொவால்ஸ்கி சட்டியையும் கருவியையும் கழகத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டார். சாந்தாவின் வடைக்கு நான் புதுக் கம்பி வைத்து இன்னொரு கருவி செய்தேன். 'டிக்' என்ற சத்தம் கேட்டால் கொவால்ஸ்கி படியேறி வந்துவிடுவார். ஜெர்மன்காரர்களுக்கு வருடப் பிறப்பன்று கரண்டியில் ஈயம் உருக்கித் தண்ணீருக்குள் ஊற்றி, உறைந்த உருவத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் என்னிடம் கரண்டியைத் தரும்போது கொவால்ஸ்கி விரலை ஆட்டி, "ஈயம் தண்ணீருக்குள், ஹெர் பாலா. ஈயம்தான் தண்ணீருக்குள்" என்பார்.

மகள் துளசி அந்த வீட்டில்தான் பிறந்தாள். அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கேக் வெட்டும் நேரம் பலூன் ஒன்று படார் என்று வெடித்தது. அடுத்த கணம் நானும் சாந்தாவும் மேசைக்கடியில், தரையில். பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். எனக்கு அந்தத் தரைக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது. அப்போது என் பக்கத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம். பார்த்தால் கொவால்ஸ்கி, அந்தப் பெரிய வயிற்றோடு, பிடரியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்ததாக அவர் மனைவி. பிறகு துளசி. பிறகு எல்லாப் பிள்ளைகளும், வீடு அதிரச் சிரித்துக்கொண்டு. "இன்னொருதரம்! இன்னொருதரம்!" என்று கத்தினார்கள். அன்றைக்கு வீட்டில் ஒரு பலூனும் மிஞ்சவில்லை. கொவால்ஸ்கியைத் தூக்கி நிறுத்த நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

அவர்கள் இருவரும் இப்போது இல்லை. விளையாட்டு இருக்கிறது. துளசியின் பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் கேக்குக்கு முன்னால் ஒரு பலூனை வெடிக்க வைத்தே ஆக வேண்டும். கடைசியாகப் படுப்பவர் பாத்திரம் கழுவ வேண்டும். இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்தில் நானும் சாந்தாவும் மட்டும் ஒருநாளும் பாத்திரம் கழுவியதில்லை. எங்களை வெல்ல ஆளில்லை.

ஒவ்வொருமுறையும் தரையில் கிடக்கும்போது அவள் முகத்தை என் பக்கம் திருப்புவாள். அந்த நிலவறையில் பார்த்த அதே கண்கள். இத்தனை வருடத்தில் ஒரு எழுத்தும் மாறாமல் அதையே சொல்லுவாள்.

"நான் பொட்டு மட்டும்தான் வைக்கச் சொன்னனான்."